பழவேற்காட்டின் எதிர்க்காற்று

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் சாலையில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. மெதூர், திருப்பாலைவனம் வழியாக, வயல்களுக்கு நடுவே 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான சமதரை. வரைபடத்தை மட்டும் பார்த்துவிட்டு வருகிற சைக்கிள்காரர் இதைச் சுலபமான பாதை என்றுதான் நினைப்பார். ஆனி, ஆடியில் வந்து பார்த்தால் தெரியும். விடிகாலையில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் முதுகைப் பிடித்துத் தள்ள, களைப்பே தெரியாமல் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்துவிடுவார். டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் கைவைத்து நிறுத்தும். கிழக்கிலிருந்து கடற்காற்று ஏறும்வரை விமோசனம் கிடையாது. ஐப்பசிக்குப் பிறகு கதை தலைகீழ். அப்போது வாடை வடகிழக்கிலிருந்து வரும். போவது பாடு, வருவது சுகம்.

மலையில்லாத இந்த ஊரில் காற்றுதான் ஏற்றம். படகை எந்த நேரத்தில் இறக்குவது, வலையை எந்தப் பக்கம் விடுவது என்று தீர்மானிக்கும் அதே காற்று, சைக்கிள் மிதிப்பவரின் தொடையையும் தீர்மானிக்கிறது. இங்குள்ள மீனவப் பிள்ளைகளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சென்னையின் வார இறுதி சைக்கிள்காரர்களுக்குப் பழவேற்காடு பழகிய தடம். நகரத்திலிருந்து போய்த் திரும்பினால் நூறு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். இருட்டோடு கிளம்பி, ஏரியில் பூநாரைகளைப் பார்த்து, டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் படமெடுத்துக்கொண்டு வெயில் ஏறுமுன் வீடு திரும்பலாம். அவர்களுடைய சைக்கிள்களில் கார்பன் சட்டமும், பெடலோடு பூட்டிக்கொள்ளும் செருப்பும், வேகத்தையும் இதயத் துடிப்பையும் காட்டும் சின்னத் திரையும் இருக்கும். விலை லட்சத்தைத் தொடும், தாண்டும். இந்தக் கூட்டத்தை நான் மதிக்கிறேன். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே, யாரும் கேட்காமல், யாரும் சம்பளம் கொடுக்காமல், விடியுமுன் எழுந்து தன் உடம்பைத் தானே சோதித்துப் பார்ப்பது சாதாரணமில்லை.

அவர்களில் ஒரு சாரார் நெடுந்தூரக்காரர்கள். சென்னையில் மெட்ராஸ் ராண்டனர்ஸ் என்ற குழு நடத்தும் பயணங்களில் 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். 300-க்கு 20 மணி நேரம், 400-க்கு 27, 600-க்கு 40. ஒரே பருவத்தில் நான்கையும் முடித்தால் சூப்பர் ராண்டனர் பட்டம். இடையிலிருக்கும் சோதனைச் சாவடிகளில் அட்டையில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்ற பேதமில்லை. நேரத்துக்குள் வந்தவர் எல்லாரும் ஒன்றுதான். இந்த மரபின் தாய்ப் பந்தயம் 1891-ல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ். 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய அந்தப் பயணம் நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. கடைசியாக 2023 ஆகஸ்டில் நடந்தது. மலைதான் வேண்டும் என்பவர்களுக்கு 2008-லிருந்து நடக்கும் நீலகிரிச் சுற்று இருக்கிறது. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகள் அதில் பேர்போனவை.

இத்தனையும் ஒரே சாலையில் ஒரு பக்கமாகப் போகிறது. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சைக்கிள் உலகம் வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கடந்துவிடுகின்றன. இரண்டும் ஒரே கோட்டில் நின்று புறப்பட வேண்டும் என்பதுதான் என் கட்சி.

அந்த இன்னொரு சைக்கிளை மீன் ஏலம் நடக்கும் இடத்தருகே நின்று பார்க்க வேண்டும். கேரியரின் மேல் பிளாஸ்டிக் டப்பா. அதை இறுக்கிக் கட்டியிருப்பது கிழிந்த டியூபிலிருந்து நீளவாக்கில் அறுத்தெடுத்த ரப்பர். ஐஸ் உருகி, இறாலின் உப்புத்தண்ணீரோடு சேர்ந்து கேரியர் கம்பி வழியாக இறங்கி, மட்காடைத் தாண்டி, நேராகச் செயினில் சொட்டுகிறது. செயின் செம்பழுப்பாகிக் கிடக்கிறது. ஃப்ரீவீலைச் சுற்றினால் சத்தம் இல்லை, உறுமல்தான். கடற்கரையில் சைக்கிளின் ஆயுளைத் தின்பது ஓட்டம் அல்ல, உப்பு. அது போக்ஸ் கம்பியின் தலையில் ஆரம்பித்து, ரிம்முக்குப் போய், கடைசியில் பெடல் அச்சின் பால்ரஸ்ஸுக்குள் புகும். மீன் வியாபாரிகளில் பலர் எப்போதோ டிவிஎஸ் எக்ஸெல்லுக்கு மாறிவிட்டார்கள். சைக்கிள் இப்போது வயதானவர்களிடமும் பள்ளிப் பிள்ளைகளிடமும்தான் மிச்சமிருக்கிறது.

பிள்ளைகளிடம் இருப்பது அரசு கொடுத்தது. 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2005-06-ல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு முழுமைக்கும் விரிந்தது. பழவேற்காடு போன்ற ஊரில் அதன் அருமை தனி. கடலோரக் குப்பங்களிலிருந்து பாலம் தாண்டி வருகிறவர்களும், பசியாவரம் போல நெடுங்காலம் படகையே நம்பியிருந்த தீவு ஊர்களிலிருந்து வருகிறவர்களும் படிப்பை விடாமல் தொடர அந்தச் சைக்கிளும் ஒரு காரணம். ஒரு வீட்டுக்கு வந்த சைக்கிள் ஒருவருடையதாக இருப்பதில்லை. அக்கா பள்ளிக்குப் போய்வந்த பிறகு தம்பி குரங்கு பெடல் போட்டுப் பழகுவான்; சாயங்காலம் அப்பா ஐஸ் வாங்கப் போவார்.

சைக்கிள் வேடிக்கையும் தமிழ்க் கிராமங்களுக்குப் புதிதல்ல. ஊர் நடுவில் ஒருவர் ஏழு நாள் இரவு பகலாகச் சைக்கிளைவிட்டு இறங்காமல் சுற்றுவதையும், அதிலேயே குளித்துச் சாப்பிடுவதையும், கடைசி நாளில் சட்டையில் ரூபாய் நோட்டு குத்தப்படுவதையும் பார்த்து வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. பொங்கல் விளையாட்டில் மெதுவாக ஓட்டும் போட்டிக்கு எப்போதும் கூட்டம் உண்டு. வேகமாக ஓட்டுவதற்குத்தான் ஒழுங்கான மேடை குறைவு.

குறைவு என்றேன், இல்லை என்று சொல்லவில்லை. ஒவ்வொரு செப்டம்பரிலும் அண்ணா பிறந்தநாளை ஒட்டி, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்தும் அறிஞர் அண்ணா சைக்கிள் போட்டிதான் அந்த மேடை. 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவுகள். சிறிய பையன்களுக்கு 15 கிலோமீட்டர், சிறுமிகளுக்கு 10; மற்ற இரு பிரிவுகளிலும் பையன்களுக்கு 20, பெண்களுக்கு 15. முதல் பரிசு 5,000 ரூபாய், அடுத்தது 3,000, மூன்றாவது 2,000. நான்கிலிருந்து பத்தாம் இடம்வரை தலைக்கு 250. இதன் விதிகளில் ஒன்றை நான் பொன்னெழுத்தில் எழுதுவேன்: இந்தியாவில் தயாரான, சாதாரணக் கைப்பிடி கொண்ட சைக்கிளைத்தான் கொண்டுவர வேண்டும். வளைந்த கைப்பிடியோடு கியர் சைக்கிள் கொண்டுவந்து நிற்க முடியாது. பணம் பேசாத பந்தயம் இது. நாட்டின் அமெச்சூர் சைக்கிள் உலகத்தில் இந்த ஒரு வரி விதிக்கு நிகரான நியாயம் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காது.

ஆனால் இந்த நியாயத்துக்குள் ஒரு கணக்குப் பிழை ஒளிந்திருக்கிறது. அரசு சைக்கிள் கைக்கு வருவது பதினோராம் வகுப்பில். அப்போது பிள்ளைக்கு வயது பதினைந்து முடிந்து பதினாறு ஓடிக்கொண்டிருக்கும். 13, 15 வயதுப் பிரிவுகளில் ஓட்ட வேண்டுமானால் அந்தச் சைக்கிள் உதவாது; அண்ணன், அக்கா, பக்கத்து வீடு என்று இரவல் கேட்க வேண்டும். 17 வயதுப் பிரிவில் ஓட்டலாம். ஆனால் பதினோராம் வகுப்பின் செப்டம்பருக்குள் சைக்கிள் வந்து சேர்ந்திருக்க வேண்டும். அடுத்த செப்டம்பரில் பலருக்கு வயது வரம்பு தாண்டியிருக்கும். ஆக, அரசு சைக்கிளை மட்டுமே நம்பியிருக்கும் ஒரு மீனவப் பிள்ளைக்கு இந்தப் பந்தயம் வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கும், அல்லது ஒருமுறைகூட வாய்க்காது. அதே அண்ணா பெயரில் நடக்கும் நெடுந்தூர ஓட்டத்தில் 17 முதல் 25 வயதுவரை ஒரு பிரிவு, 25-க்கு மேல் ஒரு பிரிவு என்று பெரியவர்களுக்கும் இடம் இருக்கிறது. சைக்கிளில் அது ஏன் இருக்கக் கூடாது? ஏழாம் வகுப்புக்கு வரும்போதே பள்ளிக்குப் பொதுவாகப் பத்து சைக்கிள் இருந்தால் என்ன? இவை பெரிய செலவுகள் அல்ல.

சாதாரண சைக்கிளில் என்ன பந்தயம் என்று கேட்பவர்கள் உண்டு. சமதரையில் சைக்கிள் ஓட்டுபவரின் பெரிய எதிரி எடை அல்ல, காற்று. இருபது கிலோ இரும்புச் சைக்கிளும் எட்டு கிலோ கார்பன் சைக்கிளும் கல்லட்டி ஏற்றத்தில் வேறு வேறு உலகம். பழவேற்காட்டுச் சாலையில் அந்தப் பன்னிரண்டு கிலோ, கிளம்பும்போதும் நின்று கிளம்பும்போதும் மட்டுமே பெரிதாக உறைக்கும். மற்ற நேரமெல்லாம் காற்றைத்தான் தள்ள வேண்டும். காற்றில்லாத நாளில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் 25-க்கு ஏற வேண்டுமானால், காற்றைக் கிழிக்க மட்டும் ஏறத்தாழ இரு மடங்கு சக்தி தேவை. 20 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசும் நாளில் அதே 20-ல் போகவேண்டுமானால், உடம்பில் மோதும் காற்றின் வேகம் 40. எதிர்ப்பு நான்கு மடங்கு. இந்த இடத்தில் காசு கொடுத்து வாங்கிய கார்பனைவிட, முழங்கையை மடக்கி நெஞ்சைக் கைப்பிடிக்கு அருகே இறக்கி வைக்கத் தெரிந்த முதுகு அதிகம் உதவும். கழியை ஊன்றிப் படகு தள்ளிப் பழகிய முதுகுக்கு அது புது வேலையா?

அடுத்தது கால். ஊர் சைக்கிளில் பொதுவாக முன்னால் 44 பல், பின்னால் 18 பல். ஒரு மிதிக்கு ஐந்தரை மீட்டர் அளவில் நகரும். நிமிடத்துக்கு 60 மிதி என்றால் மணிக்கு 20 கிலோமீட்டரை ஒட்டி. 80 மிதி என்றால் 26. கியர் இல்லாத சைக்கிளில் வேகத்தைக் கூட்ட ஒரே வழி, காலை வேகமாகச் சுழற்றுவதுதான். அழுத்தி மிதிப்பதையே வீரம் என்று நினைக்கும் பிள்ளைகள் பத்தாவது கிலோமீட்டரில் தொடை இறுகி நின்றுபோவார்கள். சுழற்றிப் பழகியவர் கடைசிவரை வருவார். இதற்குப் பயிற்சி சிக்கலானதல்ல. வாரத்தில் இரண்டு நாள் பேச்சுக் கொடுக்கக்கூடிய வேகத்தில் நீண்ட ஓட்டம். ஒரு நாள், காற்றுக்கு எதிராக மூன்று நிமிடம் மூச்சு வாங்க ஓட்டி, மூன்று நிமிடம் மெதுவாகத் திரும்பி, மறுபடி. மீதி நாள் ஓய்வு. வளரும் பிள்ளைக்கு ஓய்வும் சோறும் மீனும் பயிற்சியில் பாதி.

சீட்டு உயரம் மட்டும் சரியாக இருந்தாலே பாதிப் பிள்ளைகளின் வேகம் மாறிவிடும். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும்; பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முட்டி லேசாக மடங்கும். அதுதான் அளவு. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் சீட்டைக் கீழே இறக்கி வைத்து, முட்டி கைப்பிடியில் இடிக்க ஓட்டுகிறார்கள். கடைக்காரரிடம் ஒரு ஸ்பேனர் கேட்டால் தீர்ந்துபோகிற குறை இது. பந்தயத்துக்கு முதல்நாள் கேரியர், ஸ்டாண்டு, மட்காடு எல்லாவற்றையும் கழற்றிப் போடுவது பிள்ளைகளின் பழைய உத்தி. கெடுதல் இல்லை. ஆனால் அதே ஒரு மணி நேரத்தை வீல் கோட்டம் எடுக்கவும், பிரேக் கட்டை ரிம்மில் உரசாமல் பார்க்கவும், டயரில் முழுக் காற்று ஏற்றவும், செயினை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடவும் செலவழித்தால் பலன் அதிகம். ஏரிக்கரை ஊர்களில் அந்தக் கழுவல் தினசரி வேலையாக வேண்டும்.

கடலோரப் பிள்ளைகளால் எந்த உயரத்துக்குப் போக முடியும் என்பதற்கு நம் கண்முன்னே அத்தாட்சி உண்டு. 2004 டிசம்பர் சுனாமியில் நிக்கோபாரில் மரத்தைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பிய ஒன்பது வயதுச் சிறுமி டெபோரா ஹெரால்ட், பின்னாளில் இந்தியாவின் முன்னணித் தட சைக்கிள் வீராங்கனையாகி, 2015-ல் 500 மீட்டர் பிரிவின் உலகத் தரவரிசையில் நான்காம் இடம்வரை போனார். அதே தீவுகளிலிருந்து வந்த எசோ ஆல்பன் 2018-ல் சுவிட்சர்லாந்தின் எய்கிள் நகரில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில் கெய்ரின் பிரிவில் வெள்ளி வென்றார். சைக்கிளில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் உலகப் போட்டிப் பதக்கம் அது. அடுத்த ஆண்டு ஜெர்மனியில் அணி ஸ்பிரிண்டில் தங்கம் வென்ற இந்தியக் குழுவிலும் அவர் இருந்தார். அந்தத் தீவுகளுக்கும் பழவேற்காட்டுக் குப்பங்களுக்கும் பொதுவானவை கடலும், அதே சுனாமியின் நினைவும். வித்தியாசம் ஒன்றுதான்: போர்ட் பிளேரில் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்துப் பயிற்சி தரும் மையம் இருந்தது, அங்கிருந்து டெல்லி இந்திரா காந்தி அரங்கத்தின் சைக்கிள் தடத்துக்கு வழி இருந்தது. வட கர்நாடகத்தின் விஜயபுரா, பாகல்கோட் பக்கத்து விவசாயக் குடும்பங்களிலிருந்து தலைமுறையாக சைக்கிள் வீரர்கள் வருவதற்கும் காரணம் அதுதான்: கிராமத்துச் சாலையில் பந்தயம், அதை அடுத்து விளையாட்டு விடுதி, அதை அடுத்து ரயில்வே வேலை. படி இருக்கிறது, ஏறுகிறார்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1991-92-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டு சாலைக்கு வந்தபோது, அது விளையாட்டாகத் தொடங்கவில்லை. ஆனால் ஊரின் கண் பழகிப்போனது அப்போதுதான். அண்ணா போட்டியில் பெண்களுக்குத் தனிப் பிரிவும் சமப் பரிசும் இருப்பது இன்று யாருக்கும் ஆச்சரியமாகத் தெரியவில்லை. அந்த வரிசையில் குப்பத்துப் பெண்களும் அதிகமாக வந்து நிற்க வேண்டும். மீன் கூடையைத் தலையில் சுமந்து மைல்கணக்கில் நடந்த தாய்மார்களின் பிள்ளைகள் அவர்கள்.

இனி டச்சுக்காரர்களிடம் வருகிறேன். 1613-ல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையை எழுப்பி, சோழமண்டலக் கரை முழுவதற்கும் இதைத் தலைமையிடமாக்கி வணிகம் செய்தவர்கள் அவர்கள். துணியையும் மிளகையும் கணக்குப் பார்த்த அந்த நாட்டின் சந்ததி இன்று உலகத்தில் அதிகம் சைக்கிள் மிதிக்கும் மக்கள். அங்கேயும் மலை இல்லை, கடலும் காற்றும்தான். 2013-லிருந்து அவர்கள் ஒரு விசித்திரமான தேசியப் போட்டி நடத்துகிறார்கள்: எதிர்க்காற்றுச் சைக்கிள் பந்தயம். கடல் வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய ஓஸ்டர்ஸ்கெல்டே தடுப்பணையின் மேல் 8.5 கிலோமீட்டர், காற்றுக்கு நேர் எதிராக. கியர் இல்லாத, நிமிர்ந்து உட்காரும் சாதாரண சைக்கிளில்தான் ஓட்ட வேண்டும். தேதியை முன்கூட்டி யாரும் குறிப்பதில்லை. மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் புயல் காற்று வரப்போகிறது என்று தெரிந்தால்தான் மூன்று நாளுக்கு முன் அறிவிப்பு வரும். சனம் விழுந்தடித்துக்கொண்டு வந்து பதிவு செய்கிறது.

பழவேற்காட்டுக்கு அளவெடுத்துத் தைத்த பந்தயம் இது. நமக்குப் புயல் வேண்டாம். ஆடிக் கச்சானே தாராளம். பழவேற்காட்டில் புறப்பட்டு மேற்கு நோக்கித் திருப்பாலைவனம்வரை, காலைக் காற்றுக்கு நேர் எதிராக, ஒருவர் பின் ஒருவராக நிமிட இடைவெளியில் அனுப்பலாம். தனித்தனியாக ஓட்டுவதால் முன்னவரின் முதுகுக்குப் பின்னால் பதுங்கிக் காற்றை ஏமாற்ற முடியாது. தள்ளுமுள்ளும் விபத்தும் இராது. அண்ணா போட்டியின் விதியையே வைத்துக்கொள்ளலாம்: சாதாரண சைக்கிள், சாதாரணக் கைப்பிடி. சென்னையிலிருந்து வரும் கார்பன்காரர்களும் அன்றைக்கு அதே அரசு சைக்கிளில்தான் ஏற வேண்டும். அவர்கள் இரவல் கேட்பது குப்பத்துப் பிள்ளையிடமாக இருக்கட்டும். வயது வரம்பு வேண்டாம். பள்ளிப் பிள்ளைக்கும் வலைக்காரருக்கும் வெவ்வேறு பிரிவு போதும்.

எந்தக் காலை சரியான காலை என்பதைக் கைப்பேசியைப் பார்த்து முடிவெடுப்பதைவிட, ஊர்ப் பெரியவர்களிடம் கேட்பது மேல். ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை விடுவது என்று முறை வைத்து, பாடு பிரித்து, சண்டையில்லாமல் தலைமுறைகளாக நடத்திவரும் ஊர்ப் பஞ்சாயத்துகளுக்கு, யார் எப்போது புறப்படுவது என்று ஒரு பந்தயத்தை ஒழுங்கு செய்வது பெரிய காரியமல்ல.

தடைகளும் இருக்கின்றன. மீஞ்சூர், காட்டுப்பள்ளி பக்கம் துறைமுக லாரிகளின் போக்குவரத்து. கடலோரச் சாலையில் கோரைக்குப்பம், கருங்காலி பகுதிகளில் அலை ஏறி மணல் மூடும் தொல்லை. அதனால்தான் உள்பக்கத்துச் சாலையைச் சொல்கிறேன். காவல்துறை காலை ஆறிலிருந்து எட்டுவரை வண்டிகளை மெதூர்ப் பக்கம் நிறுத்தி வைக்க வேண்டும். ஒரு ஆம்புலன்ஸ், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர்ப் பானை, ஓட்டுபவர் அனைவருக்கும் தலைக்கவசம். தலைக்கவசத்தைச் சென்னைக் குழுக்கள் மூட்டையாகக் கொண்டுவரலாம், அவர்களிடம் இருக்கிறது. நேரத்தைக் குறிக்கத் திருப்பாலைவனத்தில் இரண்டு உடற்கல்வி ஆசிரியர்கள் போதும். புறப்படும் இடத்தில் ஒரு பஞ்சர் கடைக்காரரை முதல்நாள் மாலையே உட்காரவைத்து, வருகிற ஒவ்வொரு சைக்கிளுக்கும் சீட்டை ஏற்றி, கோட்டம் எடுத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு அனுப்பச் சொல்ல வேண்டும். அவருடைய கூலிதான் இந்தப் பந்தயத்தின் முதல் செலவுக் கணக்கு.